என் மகளுக்கு அளவுத்திட்டமும் அளவுக் காரணியும் புரியவே இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் போதுமா?

போதாது. நீங்கள் எழுதியிருந்த கணக்கைப் பார்த்த பிறகு பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

'1:50 அளவில் வரைந்த படத்தில் ஓர் அறையின் பரப்பு 24 சதுர செ.மீ. உண்மையான பரப்பு என்ன?' 1:50 என்றால் படத்தில் 1 செ.மீ., நிஜத்தில் 50 செ.மீ. உங்கள் மகள் 24-ஐ 50-ஆல் பெருக்கி 1200 என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் தவறு போட்டுவிட்டார். ஏன் தவறு என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, பிள்ளை அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக நீங்களும் வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அந்த நோட்டைத் திறந்திருப்பீர்கள். அந்த நேரத்தில் கோபம்தான் முதலில் வரும். தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். அந்த வயதில் இதே பாடத்தில் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் தவறு நோட்டோடு நின்றுபோகவில்லை. அதனால் அண்ணன் தம்பியான பெரியப்பாவும் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நாலு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். தாத்தாவின் பத்திரங்களில் இன்னும் 'வட ஆற்காடு ஜில்லா' என்றுதான் இருக்கும். 1998-ல் நான் எட்டாம் வகுப்பு. தாத்தா போன பிறகு கொல்லையைப் பாகம் பிரித்து, சர்வேயர் வந்து அளந்து, நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் தனித்தனி உட்பிரிவு ஆகியிருந்தது. நைனா பங்கு 1 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் 0.48.5 என்று போட்டிருந்தார்கள். வேர்க்கடலை போடுகிற மேட்டு நிலம்தான், ஆனால் அதுதான் எங்கள் சோறு.

ஒருநாள் நைனா புலப்படத்தின், அதாவது நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் சர்வே படத்தின், ஜெராக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். பெரியப்பா வைத்திருந்த நகலை வாங்கிப்போய் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எடுத்தது. ஓரத்தில் 'அளவு 1:1000' என்று தெளிவாக இருந்தது. ஆனால் கோடுகளின் மேல் எழுதியிருந்த மீட்டர் எண்கள் எல்லாம் கறுப்பாக அப்பிப்போயிருந்தன. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் 54 என்று படிக்க முடிந்தது, அதை நான் கவனிக்கவில்லை. "நீ கணக்குல நல்லா மார்க் எடுக்கிறியே, அளந்து சொல்லு" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஸ்கேலை எடுத்தேன். நீளம் 6.4 செ.மீ. அகலம் 3.8 செ.மீ. 1:1000 என்றால் 1 செ.மீ.க்கு 10 மீட்டர். அப்போ 64 மீட்டர், 38 மீட்டர். பெருக்கினால் 2432 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். வகுத்தேன். 60 சென்ட் வந்தது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பெருக்கலும் சரி, வகுத்தலும் சரி.

நைனா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரியா பாதி" என்றார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சர்வேயருக்குப் பணம் கொடுத்து படத்தையே மாற்றிவிட்டார் பெரியப்பா என்று கிணற்று மேட்டில் நின்று ஊரே கேட்கக் கத்தினார். பெரியப்பா பதிலுக்குக் கத்தவில்லை. அது நைனாவுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆடியில் தொடங்கியது, தீபாவளிக்குக்கூட இரண்டு வீட்டிலும் பலகாரம் மாறவில்லை.

அந்தப் பேப்பரை நான் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். கார்த்திகையில்தான் கணக்கு சாரிடம் காட்ட தைரியம் வந்தது. அவர் என் கணக்கைப் பார்க்கவே இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல ஒரு நம்பராவது தெரியுதா?" என்றார். 54-ஐக் காட்டினேன். "ஐம்பத்து நாலு மீட்டர்னா 1:1000-ல எத்தனை செ.மீ. இருக்கணும்?" 5.4 என்றேன். "இப்போ அளந்து பாரு." 3.8. அந்த நிமிஷம் என் கை சில்லிட்டுப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பெரிய தாளில் இருந்த படத்தைச் சின்னத் தாளில் அடக்கக் கடைக்காரர் சுருக்கி எடுத்திருக்கிறார். ஏ3 தாளை ஏ4-ல் அடக்க மெஷினில் 71 சதவீதம் என்று ஒரு பட்டன் உண்டு. படம் சுருங்கியது. ஆனால் '1:1000' என்ற எழுத்து எழுத்தாகவே இருந்துவிட்டது. அந்தத் தாளுக்கு அது பொருந்தாது.

சார் அதோடு விடவில்லை. "நீளம் பத்துக்கு ஏழாத்தான் சுருங்கியிருக்கு, பாதியாகல. அப்புறம் பரப்பு மட்டும் எப்படிம்மா பாதியாச்சு?" என்று கேட்டுவிட்டு, சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். நானாகத்தான் கண்டுபிடித்தேன். நீளத்துக்கு ஒரு 0.7, அகலத்துக்கு ஒரு 0.7. இரண்டையும் பெருக்கினால் 0.49. ஏ3 தாளை நடுவில் மடித்தால் ஏ4. தாள் பாதியானது, அதில் இருந்த எங்கள் கொல்லையும் பாதியானது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சார் சைக்கிளில் வந்தார். 30 மீட்டர் டேப். ஒரு முனையை ஆயா (பாட்டி) வரப்பில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள், இன்னொரு முனையை நான் இழுத்துக்கொண்டு போனேன். முழுசாக மூன்று டேப், 90 மீட்டர். குறுக்கே 54. பெருக்கினால் 4860 சதுர மீட்டர், அப்படியே 1 ஏக்கர் 20 சென்ட். நைனா அன்று ராத்திரியே பெரியப்பா வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது கையில் ஒரு சொம்பு நிறைய பால் இருந்தது.

இதைப் படிக்கிற சர்வேயர்கள் சண்டைக்கு வர வேண்டாம். புலப்படத்தில் எழுதியிருக்கிற எண்தான் கணக்கு, ஸ்கேல் வைத்து அளந்து எல்லை சொல்லக் கூடாது என்பது இன்று எனக்கு நன்றாகவே தெரியும். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கும் படிக்காத அப்பாவுக்கும் அன்று தெரியாது. '0.7 இல்லை, 0.71' என்று திருத்த வருகிற கணக்கு ஆசிரியர்களுக்கும் அதேதான்: 5.4-ஐ 0.71-ஆல் பெருக்கினால் வரும் 3.83-ஐ பிளாஸ்டிக் ஸ்கேலில் யாராலும் படிக்க முடியாது.

ஒன்று மட்டும் ஆறவில்லை. அந்த நாலு மாதமும் "பொட்டப்புள்ள கையில நெலத்துப் பேப்பரைக் கொடுத்தா இப்படித்தான்" என்று சொந்தத்தில் பலர் சொன்னார்கள். சுருக்கியது மெஷின், கவனிக்காதது இத்தனை பெரியவர்கள். இன்னொன்றும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அறுபது சென்டுக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டார்களே, அந்தப் பாகப்பிரிவினையில் அத்தைக்கு ஒரு சென்ட்கூட இல்லை. ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். அத்தைக்கு 1984-ல் கல்யாணம். அவள் பங்கு எத்தனை செ.மீ. என்று யாரும் என்னை அளக்கச் சொல்லவில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். நான் இப்போது வேலூரில் ஓர் அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைகிறேன். தினமும் 1:100-லும் 1:50-லும்தான் என் பிழைப்பு. என் பையனுக்கு இதைக் கோலத்தில்தான் சொல்லிக் கொடுத்தேன். வாசலில் ஐந்து புள்ளி கோலம் ஒன்று சின்னதாகப் போடுங்கள், புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி. பக்கத்தில் அதே கோலத்தை நாலு விரல் இடைவெளியில் போடச் சொல்லுங்கள். வடிவம் மாறவில்லை, கோணம் மாறவில்லை, கோடுகள் மட்டும் இரண்டு மடங்கு. இதுதான் அளவுக் காரணி 2. கோட்டுக்குப் பிடித்த மாவும் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். இப்போது உள்ளே கலர்பொடி போடச் சொல்லுங்கள். சின்னதற்கு ஒரு டம்ளர் பிடித்தால் பெரியதற்கு நாலு டம்ளர் ஆகும். இரண்டு டம்ளர்தான் ஆகும் என்று என் பையன் பந்தயம் கட்டினான். இரண்டாவது டம்ளர் தீர்ந்தபோது பெரிய கோலத்தில் பாதி வெறுமையாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது என்று தெரிந்தது. மாவு கோட்டுக்கு, பொடி பரப்புக்கு. கன அளவு வந்தால் மூன்று முறை பெருக்க வேண்டும், எட்டு மடங்கு. அதை அவள் எட்டாவதில் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய அளவில் காட்ட வேண்டுமென்றால் எங்கள் வேலூர் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 133 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 5,38,000 சதுர மீட்டர். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் அது எவ்வளவு இடத்தை அடைக்கும்? உங்கள் மகள் செய்த மாதிரி ஒரே ஒரு முறை 50,000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10.8 சதுர மீட்டர் வரும். ஒரு படுக்கையறையின் தரை அளவுக்குக் கோட்டை! அந்தப் படத்தை யார் மடித்துப் பையில் வைக்க முடியும்? இரண்டு முறை வகுத்தால் சுமார் 2 சதுர செ.மீ., கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. விடை வந்ததும் 'இது நடக்குமா' என்று ஒருமுறை பார்க்கிற பழக்கம் எனக்கு அந்தப் பேப்பரால் வந்தது.

சமூக அறிவியலில் அவளுக்கு நேர்கோட்டு அளவையும் பிரதி பின்னமும் தனிப் பாடமாக வரும், பிள்ளைகள் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். 1:1000 என்ற பிரதி பின்னம் தாள் சுருங்கினால் பொய்யாகிவிடும். ஆனால் படத்தின் கீழே 0, 10, 20 மீட்டர் என்று நேர்கோட்டு அளவையாக ஒரு கோடு போட்டிருந்தால் தாளோடு சேர்ந்து கோடும் சுருங்கும், எந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் சரியாகவே சொல்லும். நான் வரைகிற ஒவ்வொரு பிளானிலும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கோட்டைப் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த பிளானை தாளுக்குப் பொருத்தி பிரிண்ட் எடுத்து மேஸ்திரி கையில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது அந்த 24 சதுர செ.மீ. அறை. 4 செ.மீ.க்கு 6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனித்தனியாக 50-ஆல் பெருக்கட்டும்: 200 செ.மீ., 300 செ.மீ. அதாவது 2 மீட்டருக்கு 3 மீட்டர், 6 சதுர மீட்டர். பிறகு ஒரு சாக்பீஸைக் கொடுத்து 2-க்கு 3 மீட்டரில் தரையில் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். அதற்குள்ளேயே அவள் எழுதிய 1200 சதுர செ.மீ.யையும், 30 செ.மீ.க்கு 40 செ.மீ. என்று வரையச் சொல்லுங்கள். பெரிய கட்டத்தில் ஒரு ஸ்டவ்வும் சிங்க்கும் வைக்கலாம். சின்னதில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.