வீட்டு முகப்பில் டைல்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் புதுச்சேரிக்கு வந்து ரோமன் ரோலன் வீதி, துய்மா வீதி என்று நாள் முழுக்க நடந்தேன். எங்கு பார்த்தாலும் மஞ்சள் சுவர். லிஸ்பனில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் படங்களில் வீட்டு முகப்பு முழுக்கப் பூப்போட்ட டைல்ஸ். இதுவும் ஐரோப்பியர் ஆண்ட ஊர்தானே, இங்கே ஏன் அது இல்லை?

– ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அது போர்ச்சுகீசியர் பழக்கம், பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொண்டுவரவில்லை. லிஸ்பனிலேயே வெகுகாலம் அது தேவாலயம், அரண்மனைகளில்தான் அதிகம். சாதாரண வீடுகளின் தெருப்பக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில், ஆலையில் செய்து விலை இறங்கிய பிறகு. அழகு மட்டுமல்ல, மழை ஈரம் சுவரில் இறங்காது என்பதும் காரணம்.

புதுச்சேரிப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் வைத்து டைல்ஸ் ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்துச் சுவர் பொரிந்துபோகும். திண்ணையும் தாழ்வாரமுமாகச் சீரமைத்து, 2008இல் யுனெஸ்கோ விருது வாங்கிய வைசியாள் வீதியில் யாராவது டைல்ஸ் ஒட்ட வந்தால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆனால் ஊரிலேயே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியிலேயே சுற்றியிருக்கிறீர்கள். முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்புப் பக்கம் போய்ப் பாருங்கள். பத்தடி அகல மாடி வீடு, தரையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை அரக்கும் சந்தனமும் மாற்றி மாற்றி. பார்டர் பாதியில் தீர்ந்துபோய், மிச்சத்துக்கு வேறு டிசைன். வாசலுக்கு மேலே இரண்டு பக்கமும் யானை நிற்க கஜலட்சுமி. பக்கத்து வீட்டில் வேளாங்கண்ணி மாதா, இன்னொன்றில் மெக்கா. போதாததற்கு, 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியும் அடங்காதவர்களுக்காகக் காம்பவுண்டுச் சுவரின் அடியில் மூன்று மதத்துச் சாமி டைல்ஸும் வரிசையாக.

'பாத்ரூம் டைல்ஸை வெளியே ஒட்டியிருக்கான்' என்று படித்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புக்காற்றில் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? டைல்ஸ் என்றால் போகிக்கு ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். லிஸ்பன்காரன் போட்ட அதே கணக்குதான். அவன் செய்தால் கலை, நெல்லித்தோப்பில் செய்தால் ரசனைக்குறைவா? எல்லாமே அழகு என்று சொல்லவரவில்லை. பளபளக்கும் கறுப்பு டைல்ஸ் ஒட்டி, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வீடுகளும் உண்டு, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

அடுத்த முறை காலையிலேயே போங்கள், வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்தக் கடையில் வாங்கியது, பெட்டி என்ன விலை என்பது வரை சொல்லிவிடுவார்கள்.