குறுகிய சொலிட்டான் பாதியில் நிற்பது நிரலின் பிழை அல்ல

வணக்கம். அணிக்கோவைப் புள்ளிகளில் (வரிசையாக அமைந்த தனித்தனிப் புள்ளிகளில்) எழுதப்பட்ட நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை, அதாவது அலைத்துடிப்பின் நகர்வை விவரிக்கும் சமன்பாட்டை, உங்கள் கணினி நிரலால் தீர்க்கையில், அகன்ற சொலிட்டான் (வடிவம் குலையாத தனித்த துடிப்பு) தடையின்றி நகர்வதாகவும், இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் அடங்கும் குறுகிய துடிப்பு சிறிது தூரம் சென்று நின்றுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். காலப்படியை (கணக்கு ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் நேர அளவை) பாதியாக்கிய பிறகும் அதே புள்ளியில்தான் நிற்கிறது என்றால், நீங்கள் காண்பது பெயர்ல்ஸ்–நபாரோ தடை, அதாவது துடிப்பு ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நகரக் கடக்க வேண்டிய ஆற்றல் மேடு.

உச்சம் ஒரு புள்ளியின் மேல் அமர்ந்த நிலையையும், இரு புள்ளிகளுக்கு நடுவில் அமர்ந்த நிலையையும், வீச்சு வர்க்கங்களின் கூட்டல் இரண்டிலும் சமமாக இருக்கும்படி அமைத்து, ஹாமில்டோனியனை (மொத்த ஆற்றலை) ஒப்பிட்டுப் பாருங்கள்; இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்தத் தடை. நகரும் துடிப்பு ஒவ்வொரு புள்ளியிலும் இந்த வேறுபாட்டைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போதெல்லாம் சிற்றலைகளை உமிழ்ந்து ஆற்றலை இழப்பதால், கடைசியில் ஏதோ ஒரு புள்ளியில் சிக்கிக்கொள்கிறது. துடிப்பு அகல அகல இத்தடை மிக விரைவாகச் சிறுத்துவிடும். இது கணினிக்குள் மட்டும் நிகழ்வதன்று. 1998 இல் அலுமினியம் காலியம் ஆர்சனைடு அலைவழி அணிகளில் (ஒளியை வழிநடத்தும் நுண்பாதைகளின் வரிசைகளில்) இத்தகைய சொலிட்டான்கள் ஆய்வகத்திலேயே காணப்பட்டன.

நிரலின் மீது இன்னும் ஐயம் இருந்தால், நேரியலற்ற உறுப்பில் வீச்சு வர்க்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதனோடு பெருக்கப்படும் வீச்சுக்குப் பதிலாக அண்டைப் புள்ளிகள் இரண்டின் சராசரியை வையுங்கள். இப்படிக் கிடைக்கும் அப்லோவிட்ஸ்–லாடிக் கோவையில் தடையே கிடையாது என்பதால், அதன் துல்லியத் தீர்வைத் தொடக்கமாகக் கொடுத்தால் குறுகிய துடிப்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே மாறாதிருப்பது ஒரு மடக்கைக் கூட்டல். எனவே வழக்கமான வீச்சு வர்க்கக் கூட்டல் சற்றே ஏறி இறங்கினால் பதற வேண்டாம்.