சாம்பலும் கல்தூளும் வீடு கட்ட உதவுமா?

வவுனியாப் பக்கம் கல் உடைக்கும் கிறசரில் கல்தூள் மலிவு. மணலே இல்லாமல் அதை மட்டும் போட்டுக் கட்டலாமா? (ஓமந்தை)

எதற்கு என்பதைப் பொறுத்தது. புளொக் கல் செய்ய நல்ல பொருள். பாதி மணல், பாதி கல்தூள் என்று தொடங்குங்கள். பூச்சு வேலைக்கு வேண்டாம். சொரசொரப்பாக இழுக்கும், மேசன் கூடுதலாகத் தண்ணீர் விடுவார், பிறகு வெடிக்கும். தூணுக்கும் வளைக்கும் (பீம்) என்றால் கழுவி அளவாகச் சலித்த கல்மணல் வேண்டும், கிறசரின் கீழே குவிந்து கிடக்கிற தூள் அல்ல.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மண். கருங்கல் உடைந்த தூள் ஓரளவு இருந்தால் கெடுதல் இல்லை. குவாரியின் மேல்மண் கலந்திருந்தால் சீமெந்து பிடிக்காது. கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தூள் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். கல்தூள் சீக்கிரம் அடியில் இறங்கும். மணிக்கணக்காகத் தண்ணீர் கலங்கியே நின்றால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அரிசி மில்லில் உமிச் சாம்பல் சும்மா தருகிறார்கள். சீமெந்துக்குப் பதில் போடலாமாமே? (பரந்தன்)

ஆயிரம் கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்து இறுகும்போது வெளிவிடும் சுண்ணாம்போடு அது சேர்ந்து மேலும் பிணைப்பை உண்டாக்கும். ஆனால் அதற்கு உமி அளவான சூட்டில், சுமார் 700 பாகை செல்சியஸுக்குள், எரிந்திருக்க வேண்டும். அதற்கு மேலே கடுமையாக எரிந்தால் சிலிக்கா பளிங்காகி வெறும் மணல்போலக் கிடக்கும். அந்தத் தூளை மூச்சில் இழுப்பதும் நுரையீரலுக்குக் கேடு. மில் கொதிகலனில் சூடு யார் கையிலும் இல்லை. சாம்பல் கன்னங்கரேல் என்றிருந்தால் கரி மிச்சம். அது தண்ணீரைக் குடித்துவிடும்.

சாம்பல் நிறமாக இருப்பதை எடுத்து, மாவாக அரைத்து, 50 கிலோ சீமெந்தில் 5 கிலோவை மட்டும் குறைத்து அந்த இடத்தில் போடுங்கள். மதில் புளொக்கில் முதலில் பாருங்கள், வழமையைவிடக் கூடுதல் நாள் தண்ணீர் விடுங்கள். அரைக்க மிளகாய் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த முறை மிளகாயோடும் உள்ளே விடமாட்டார்கள்.

நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துச் சாம்பலைப் பாவிக்கலாமா? (மன்னார்)

புகையிலிருந்து பிடிக்கும் நுண்சாம்பல், கலப்புச் சீமெந்து செய்யப் பயன்படுகிறது. பையில் கலப்புச் சீமெந்து என்றிருந்தால் தொழிற்சாலையே அளந்து கலந்துவிட்டது. அதற்குள் மேலும் உமிச் சாம்பலைச் சேர்க்காதீர்கள்.

கொக்கிளாய்க் கடற்கரைக் கறுப்பு மணல் கனமானது, அதனால் பலமா? (முல்லைத்தீவு)

கனம் இல்மனைற் என்னும் கனிமத்தால், புல்மோட்டையில் அரச நிறுவனம் எடுப்பதும் அந்த வகை மணலைத்தான். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடலுப்பு கம்பியை அரிக்கும். கனிம மணலில் மொனசைற் என்னும் இன்னொரு கனிமமும் கலந்திருக்கும். அதில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு. குடியிருக்கிற வீட்டுச் சுவருக்குள் எதற்கு அந்த வம்பு? அனுமதியில்லாமல் அள்ளினால் வழக்கும் வரும்.

பழைய வீட்டு இடிபாட்டை உடைத்துப் புது வீட்டுக்குப் பாவிக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

நிலம் நிரப்ப, முற்றத்துப் பாதைக்கு, நிலக் கொங்கிறீட்டுக்கு அடியில் போட நல்லது. வளைக்கும் தூணுக்கும் வேண்டாம். பழைய சாந்து ஒட்டியிருப்பதால் தண்ணீரை உறிஞ்சும், பலம் சொல்ல முடியாது. அள்ளும்போது தெரியாத இரும்புப் பொருள் தென்பட்டால், வெடிபொருளாக இருக்கலாம், கை வைக்காமல், பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். கூரைக்குப் போட்டிருந்த அஸ்பெஸ்டஸ் சீற்றை மட்டும் இந்தக் குவியலில் சேர்த்து உடைக்கவே கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு, எங்கே புதைப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள்.