மைதான நெரிசலில் உயிர் போனால் பொறுப்பு யாருக்கு: தள்ளிய ரசிகர்களுக்கா, காவலர்களுக்கா?

நெரிசல் சாவு என்பது பெரும்பாலும் நின்றபடியே மூச்சு அடைத்துச் சாவதுதான். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் நின்றால் கூட்டம் தண்ணீர் போல அலையடிக்கும், நெஞ்சு விரிய இடம் இருக்காது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. வழியைத் திறக்கவும் மூடவும் கூடியவருக்குத்தான் இரண்டையும் பார்க்க முடியும். பொறுப்பும் அங்கேதான் போகிறது.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். வெளியே கூட்டம் முண்டியதால் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறந்தது. ஆனால் ஏற்கனவே நிறைந்திருந்த நடுக்கூண்டுகளுக்குப் (ரசிகர்கள் நிற்க வேலி போட்டுப் பிரித்த இடங்கள்) போகும் சுரங்கப்பாதையை மூடவில்லை. இறந்தவர்கள் 97 பேர். குடித்த ரசிகர்கள்தான் காரணம் என்று காவல்துறையினர் பழி போட்டார்கள், அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ரசிகர்கள் மேல் தவறில்லை என்று மரண விசாரணையின் ஜூரிகள் சொல்ல 2016 ஆனது. 2019இல் அன்று பொறுப்பில் இருந்த காவல் அதிகாரியைக் குற்ற வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. தவறு வேறு, தண்டனைக்குரிய குற்றம் வேறு என்பதால் விவாதம் இன்னும் ஓயவில்லை.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோணிப்பையில் நெல் கொட்டுவோம். நிறைந்த பிறகும் கொட்டிப் பை கிழிந்தால், நெல்லையா குறை சொல்வோம்? அறுவடை வயலில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) பந்தாட்டம் நடத்துகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

அப்புறம், எல்லாரும் பயந்து ஓடி மிதித்ததால்தான் சாவு என்பது பரவலான தவறான எண்ணம். ஹில்ஸ்பரோவில் ஓடவே இடமில்லை.