புயலுக்குப் பிறகு வெள்ளகவிப் பாதை

வணக்கம். புயல் கடந்து ஒரு வாரத்தில் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு நடந்து இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம், தயவுசெய்து பொறுங்கள். 2018 கஜா புயலில் கொடைக்கானல் மலையில் ஏராளமான மரங்கள் விழுந்தன. விழுந்த மரத்தைவிடப் பாதி சாய்ந்து நிற்பதுதான் பயம்; மண் நனைந்திருந்தால் காற்றே இல்லாமலும் சாயும்.

வெள்ளகவி நெடுங்காலம் சாலையே இல்லாத ஊர். குதிரையில்தான் சுமை ஏற்றுவார்கள். குதிரைகள் மறுபடி நடக்கின்றனவா என்று வட்டக்கானலில் விசாரியுங்கள். எனக்கு அதைவிட நல்ல அடையாளம் தெரியாது. அப்புறம் வனத்துறையிடம் கேளுங்கள். அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

போகும்போது, பாதையை மரம் மறித்தால் பள்ளப் பக்கமாகச் சுற்றாதீர்கள். ஓடை முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள்.