துணைவேந்தர்கள் மேடையில் உயர்கல்வி பற்றிப் பேசுவதால் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா?

உண்டு. எனக்குக் கிடைத்தது.

எங்கள் ஊர் இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருக்கிறது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் டியூஷனுக்குப் போக வேண்டுமென்றால் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். (ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வரும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர்.) அண்ணன் அப்படித்தான் உயிரியல் படித்தார். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தி. விண்ணப்பத்தில் மருத்துவம் மட்டும் போட்டார். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. வேறு எதையும் கேட்காததால் வேறு எதுவும் வரவில்லை. விவசாயம், சித்த மருத்துவம் என்று கீழே அடுக்கிக்கொண்டே போகலாம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணன் கட்டாருக்குப் போனார்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் வந்தார். நான் அப்போது உயர்தர வகுப்பில். பேச எழுந்தவர் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைக் கையில் எடுத்துப் பிடித்து, இதைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். மண்டபம் முழுக்க இரண்டே கை. உடனே பக்கத்தைப் புரட்டி, முந்தைய வருடம் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு எந்தக் கற்கைநெறி எந்த இசட் புள்ளியில் (பல்கலைக்கழகத் தெரிவுக்குக் கணக்கிடும் தரப்படுத்திய புள்ளி) நின்றது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். மருத்துவத்துக்கும் விவசாயத்துக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரியும். பரிசுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன். அண்ணன் ஞாபகம்தான் வந்துகொண்டே இருந்தது.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இதையும் அவர்தான் சொன்னார். அது இரக்கப்பட்டுத் தருவதில்லை, ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமல் படித்ததற்கான கணக்கு என்று விளங்கப்படுத்தினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ உரைகள் கேட்டுவிட்டேன். விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்ததைச் சொல்வார்கள். 1981இல் வந்தாறுமூலைப் பாடசாலை வளவில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதையும், 1995இல் தென்கிழக்குக்கு ஒன்று கிடைத்ததையும் சொல்வார்கள். எல்லாம் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கதிரைகளில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் படிவம் நிரப்ப வேண்டும். படிப்புக்குக் கட்டணம் இல்லை, சரி; போர்டிங் காசுக்கு என்ன செய்வது? உதவிப்பணங்களில் மகாபொல யாருக்கு, பேர்சரி யாருக்கு? இடம் கிடைக்காவிட்டால் மட்டக்களப்பிலேயே திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கிறதே, அங்கே என்ன படிக்கலாம்? மேடையில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். அதிலும் மாலை போடுவதற்கு முன்னமே பேசிவிட வேண்டும். கடைசி பஸ்ஸுக்குப் பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள்.

நான் பதினேழு தெரிவுகள் போட்டேன். விவசாயம் கிடைத்து வந்தாறுமூலையில் படித்தேன்.

போன முறை பெரியக்காவின் மகன் விண்ணப்பித்த இரவு கட்டாரிலிருந்து அண்ணன் அழைப்பெடுத்தார். புள்ளி எவ்வளவு என்று கேட்கவில்லை.

"எத்தின தெரிவு போட்டவன், புள்ள?"