விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை: பழைய ஸ்டீரியோ ரிசீவரை எங்கிருந்து சோதிப்பது?

உங்கள் தந்தை 1980-களில் துபாயிலிருந்து கொண்டு வந்த ஜப்பானிய ரிசீவர் (வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் சேர்ந்த கருவி) பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது என்றும், இப்போது மின்இணைப்புக் கொடுத்தால் டயல் விளக்கு எரிகிறது, வானொலி நிலையம் தேடும்போது மீட்டரின் முள் அசைகிறது, ஆனால் இரண்டு ஸ்பீக்கர்களிலும் இரைச்சல்கூட வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முள் அசைவதால் டிரான்ஸ்ஃபார்மரும், வானொலி நிலையத்தைப் பிடிக்கும் டியூனர் பகுதியும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். இதைவிட முக்கியமானது, இரண்டு பக்கமும் ஒருசேர அடங்கியிருப்பது. இடது, வலது ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் தனித்தனிச் சுற்றுகள். இரண்டும் ஒரே சமயத்தில் கெடுவது அரிது என்பதால், இரண்டுக்கும் பொதுவான இடங்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த இடங்களில் பல, மூடியைக் கழற்றாமலேயே கை எட்டும் தூரத்தில் உள்ளன.

முதலில் முன்பக்கத்தில் உள்ள 'டேப் மானிட்டர்' பொத்தானைப் பாருங்கள். அது அழுத்தப்பட்டிருந்தால், ஒலி பின்பக்கச் சாக்கெட் வழியாகக் கேசட் டெக்குக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தால்தான் ஆம்ப்ளிஃபயரை அடையும். டெக் இணைக்கப்படாத ரிசீவரில் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை. ஆகவே வானொலி, ஆக்ஸ் (வெளிக் கருவி), ஃபோனோ (ரெக்கார்டு பிளேயர்) எல்லாமே மௌனமாகிவிடும். பழுதென்று மெக்கானிக்கிடம் வரும் ரிசீவர்களில் சில இந்த ஒரு பொத்தானை விடுவித்த உடனே பாடத் தொடங்குகின்றன. அடுத்து ஸ்பீக்கர் தேர்வுத் திருகைப் பாருங்கள். சில மாடல்களில் 'ஏ பிளஸ் பி' என்ற நிலை இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களையும் தொடர் இணைப்பில் வைக்கிறது. ஒரு ஜோடி மட்டும் மாட்டியிருந்தால் சுற்று முழுமையடையாமல் சத்தம் வராது. 'எஃப்.எம். மியூட்டிங்' பொத்தான் வலுவில்லாத நிலையங்களை இரைச்சலோடு சேர்த்தே அமுக்கிவிடும் என்பதால், வானொலியை வைத்துச் சோதிக்காமல் கைபேசியை ஆக்ஸ் உள்ளீட்டில் இணைத்துச் சோதியுங்கள். ஃபோனோ உள்ளீட்டில் மட்டும் இணைக்க வேண்டாம்; அது சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் ரெக்கார்டு பிளேயர் கார்ட்ரிட்ஜுக்காக அமைந்தது.

இப்போது பின்பக்கம். மராண்ட்ஸ், சான்சுயி, பயோனியர் போன்ற நிறுவனங்களின் அக்காலத்துப் பல மாடல்களில் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்ற சாக்கெட்டுகளை ஆங்கில யூ வடிவ உலோகக் கம்பிகள் இணைத்திருக்கும். ஒலியைத் தேர்ந்து சீர்செய்யும் ப்ரீஆம்ப்ளிஃபயரிலிருந்து, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி செல்லும் ஒரே பாலம் அதுதான். வீடு மாறும்போது யாரோ அதைப் பிடுங்கி வைத்திருந்தாலும், அதில் களிம்பு ஏறியிருந்தாலும் சத்தம் நின்றுவிடும். களிம்பு என்னும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நெடுநாள் அசையாமல் இருந்த சுவிட்சுகளின் வெள்ளிப் பூச்சு கறுத்துப்போய் மின்தொடர்பைத் தடுக்கும், கடலோர ஊராக இருந்தால் இன்னும் விரைவாக. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சையும் திருகையும் இருபது முப்பது முறை முன்னும் பின்னும் இயக்குங்கள். சற்றே சத்தம் விட்டுவிட்டு வந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை அவற்றினுள் தெளிக்க வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. அது பிசுக்கை விட்டுச்சென்று தூசியைச் சேர்க்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால், ஸ்விட்ச் போட்டதும் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ரிலே உள்ள ரிசீவர்களில் சில நொடிகள் கழித்து உள்ளிருந்து 'டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்கும் மின்சுவிட்சான அந்த ரிலே பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே.

டிக் ஒலி கேட்டும் சத்தம் வராவிட்டால், பவர் ஆம்ப்ளிஃபயர் பகுதி ஏறக்குறைய நலமாகவே இருக்கிறது. அப்போது மேலே சொன்ன யூ கம்பிகளை எடுத்துவிட்டுக் கைபேசியை நேரே 'மெயின் இன்' சாக்கெட்டில் இணையுங்கள். அங்கே ரிசீவரின் வால்யூம் திருகு வேலை செய்யாது என்பதால் கைபேசியின் ஒலியை மிகக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும். பாட்டு கேட்டால் பழுது ப்ரீஆம்ப் பக்கத்தில் உள்ளது. கேட்காவிட்டால் ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். விசிட்டிங் கார்டு அட்டையின் ஒரு கீற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இடையே இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். அதே காயில் (கம்பிச்சுருள்) வோல்டேஜ் கொண்ட புது ரிலே மாற்றுவதே நிலையான தீர்வு, அதற்கு ஆகும் செலவும் சொற்பம்.

டிக் ஒலியே வராவிட்டால் விஷயம் சற்றுக் கனமானது. ஏதோ ஒரு பக்கத்து ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் டி.சி. (நேர்மின்) மின்னழுத்தம் ஏறியிருக்கலாம், ஸ்பீக்கரின் காயில் எரிந்துவிடாமல் காக்க ரிலே இணைய மறுக்கிறது. ஒரு பக்கத்துப் பழுது இரண்டு பக்கத்தையும் அடக்கிவிடுவது இப்படித்தான். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையின், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 40, 50 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடிகள் அவற்றின் குறுக்கே பிடித்து வடித்துவிடுங்கள். பிறகு உள்ளே உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மல்டிமீட்டரால் சோதியுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஃபியூஸும் முனையில் அறுந்திருக்கக்கூடும். எரிந்த ஃபியூஸுக்கு அதைவிடப் பெரியதையோ கம்பியையோ போடுவது, மிச்சமுள்ள நல்ல பாகங்களையும் பலியிடுவதாகும்.

மீண்டும் மின்சாரம் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்காமல், மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சீரிஸ் லேம்ப் (மின்இணைப்பில் தொடராகச் சேர்த்த பல்பு) வழியாகக் கொடுங்கள். 60 அல்லது 100 வாட் இழை பல்பு வேண்டும், எல்.இ.டி. உதவாது. பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. பல்பு மங்கிய நிலையில் டி.சி.யை அளக்கலாம். இங்கே பலர் ஏமாறுவது ஓரிடத்தில்: ரிலே திறந்திருக்கும்போது ஸ்பீக்கர் முனைகளில் அளந்தால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். ரிலேயின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக் காலில் அளக்க வேண்டும். இரு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால், ஆம்ப்ளிஃபயர் சரி. பாதுகாப்புச் சுற்றே பழுது. அதன் சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களும் ரிலே காலடியின் டிரை சால்டரும் (விட்டுப்போன பற்றவைப்பு) வழக்கமான காரணங்கள். ஆனால் பல்பினால் மின்னழுத்தம் குறைந்தும் ரிலே இணையாமல் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு பக்கத்தில் பல வோல்ட் காட்டினால், அந்தப் பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். இந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுப்பதே உசிதம். பழைய ஜப்பானிய எண்கள் பொறித்த போலி டிரான்சிஸ்டர்கள் சந்தையில் ஏராளம். அவை வாரக்கணக்கில்கூடத் தாங்குவதில்லை. அவரே, முதல் வேலையாக எல்லாக் கெபாசிட்டர்களையும் மாற்றிவிடலாம் என்று தொடங்கினால் சம்மதிக்காதீர்கள். பழுதைக் கண்டறியும் முன் நூறு இடங்களில் சால்டர் வைத்தால், பழைய பழுதோடு புதிய பழுதுகளும் சேர்ந்துகொள்ளும். பழுது நீங்கி டிக் ஒலி கேட்ட பின்பும், முதல் ஒரு மணி நேரம் உங்கள் நல்ல ஸ்பீக்கர்களை ஒதுக்கிவைத்து, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி ஓட்டிப் பாருங்கள்.